தத்துப்பிள்ளை, மறுமணம், இரண்டு அம்மா: வம்சாவளி மென்பொருளில் எங்கே போடுவது?

கேட்டவர் சொன்ன விவரம் சுருக்கமாக இது. தாத்தா பாட்டியின் சதாபிஷேகத்துக்குள் குடும்ப வம்சாவளியைக் கணினியில் ஏற்றி, மண்டபத்தில் வைக்கப் பெரிய சார்ட் ஒன்றும் அடிக்க வேண்டும். இலவச மென்பொருள் ஒன்றை இறக்கி ஆரம்பித்தாயிற்று. தாத்தாவுக்கு முந்திய தலைமுறைகள் மளமளவென்று ஏறிவிட்டன. இந்தத் தலைமுறைக்கு வந்ததும் வேலை நின்றுவிட்டது. பெரிய அக்கா தத்தெடுத்த பையன் இருக்கிறான். சித்தப்பா மறுமணம் செய்தபோது புதுச் சித்தியோடு அவருடைய மகளும் வந்தாள். அத்தையின் மூத்த பிள்ளை திருநங்கை. டொராண்டோவில் இருக்கும் சின்ன அக்கா இன்னொரு பெண்ணோடு குடும்பம் நடத்துகிறார். அவர்களுக்கு ஒரு குழந்தை, அந்தக் குழந்தைக்காக விந்து கொடுத்த நண்பரும் ஆவணத்தில் பெற்றோர்களில் ஒருவர். "இவர்களையெல்லாம் எந்தக் கட்டத்தில் போடுவது? நான் சரியாகக் கற்றுக்கொள்ளவில்லையா, மென்பொருளே இப்படித்தானா?" என்பது கேள்வி.

மென்பொருளே இப்படித்தான். ஆனால் இன்று அதை எழுதுகிறவர்கள் மீது முழுப்பழியும் போட முடியாது. விஷயம் நாற்பது வருடம் பழையது.

வம்சாவளி மென்பொருள்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தகவலை மாற்றிக்கொள்ள ஜெட்காம் என்ற கோப்பு வடிவத்தைப் பயன்படுத்துகின்றன. 1984இல் அதை உருவாக்கியது அமெரிக்காவின் மார்மன் திருச்சபை. முன்னோர்களின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, இறந்துபோன அவர்களுக்காகவும் கோயில் சடங்குகளைச் செய்வது அவர்களுடைய நம்பிக்கையில் பெரிய கடமை. அதனால் அவர்கள் இதற்கான கருவியைச் சீக்கிரமே செய்துகொண்டார்கள். 1999இல் வந்த 5.5.1 பதிப்புதான் இன்றும் பெரும்பாலான மென்பொருள்களின் பொது மொழி.

அதில் முக்கியமான பதிவு வகைகள் இரண்டு. ஒன்று ஆள், இன்னொன்று குடும்பம். குடும்பப் பதிவுக்குள் கணவனுக்கு ஓர் இடம், மனைவிக்கு ஓர் இடம், கீழே பிள்ளைகள் வரிசை. பிள்ளைக்கு அப்பாவோடு நேரடி இணைப்பு கிடையாது, அம்மாவோடும் கிடையாது. பிள்ளை கட்டப்பட்டிருப்பது குடும்பம் என்ற பெட்டியோடு. அந்தப் பெட்டியில் கணவன் இடத்தில் இருப்பதால்தான் ஒருவர் அப்பா ஆகிறார். அதாவது தம்பதி வழியாகத்தான் பெற்றோர். உங்கள் தலைவலி முழுக்க இந்த ஒரு முடிவிலிருந்து வருவது.

நாட்டுக்கோட்டை நகரத்தார் கோயில் கணக்கில் கல்யாணமான பிறகுதான் ஒருவர் தனிப் 'புள்ளி'. வரி வசூலிக்க அந்தக் கணக்குப் போதும். ஆனால் கல்யாணமே செய்துகொள்ளாமல் தத்தெடுத்து வளர்த்த ஒரு பெண்ணை அந்தக் கணக்கேட்டிலிருந்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஜெட்காமும் அப்படி ஒரு புள்ளிக் கணக்குதான்.

பிள்ளை அந்தக் குடும்பத்துக்கு எப்படி வந்தது என்று குறிக்க ஒரு வசதி உண்டு. பிறப்பு, தத்து, தற்காலிக வளர்ப்பு, அப்புறம் 'சீலிங்'. கடைசியாகச் சொன்னது, பிள்ளையைப் பெற்றோரோடு நித்தியத்துக்கும் இணைப்பதாக அந்தத் திருச்சபையின் கோயிலில் செய்யும் சடங்கு. உலகம் முழுக்கப் புழங்கும் வடிவத்தில் ஒரு திருச்சபையின் சடங்குக்குத் தனி இடம் இருக்கிறது. மாற்றாந்தந்தைக்கு இல்லை, கருமுட்டை கொடுத்தவருக்கு இல்லை, வயிற்றில் சுமந்து கொடுத்தவருக்கு இல்லை. இதில் கோபப்பட ஒன்றுமில்லை. அவர்கள் தங்களுக்கு வேண்டியதைக் கட்டிக்கொண்டார்கள், நாம் அதில் குடிக்கூலிக்கு வந்தோம்.

2021இல் வந்த ஜெட்காம் 7.0 கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. கணவன், மனைவி என்ற இரண்டு இடங்களில் யார் இருந்தாலும் அதை வைத்து அவர்களுடைய பாலையோ பங்கையோ ஊகிக்கக் கூடாது என்று விளக்கத்திலேயே எழுதிவிட்டார்கள். ஆண், பெண், தெரியவில்லை என்பதோடு இரண்டிலும் அடங்காதவர் என்பதும் சேர்ந்தது. பிள்ளை வந்த வகைகளில் 'மற்றவை' என்று ஒன்று கூடியது. ஆனாலும் பெட்டியின் பெயர் மாறவில்லை, இடமும் இரண்டேதான். மூன்றாவது இணையர் இருந்தால் இன்னொரு குடும்பப் பதிவு போடு, அல்லது 'தொடர்புடையவர்' என்று பக்கத்தில் குறி என்கிறது. அதே திருச்சபை நடத்தும் ஃபேமிலிசர்ச் தளத்தின் பொதுமரத்தில் ஒரே பாலின இணையரைச் சேர்க்க வழி பிறந்ததே 2019 கடைசியில்தான்.

சரி, எப்படி இருக்க வேண்டும்? என் கட்சி இது. குடும்பப் பெட்டியை அடிப்படையாக வைக்கவே கூடாது. அடிப்படை ஆள். அடுத்தது இரண்டு ஆளுக்கு இடையே உள்ள உறவு. ஒரு பிள்ளைக்கும் அதன் ஒவ்வொரு பெற்றோருக்கும் தனித்தனி இணைப்பு, எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை. ஒவ்வொரு இணைப்பிலும் அது எந்த வகை, எப்போதிலிருந்து எப்போது வரை, எந்த ஆதாரத்தை வைத்துச் சொல்கிறோம் என்பது இருக்க வேண்டும். இணையர்களுக்குள் உள்ள உறவு இதற்குச் சம்பந்தமில்லாத தனிப் பதிவு. 'குடும்பம்' என்பது இவற்றிலிருந்து திரையில் வரைந்து காட்டும் படம், அவ்வளவுதான்.

இது கனவு ஒன்றும் இல்லை. ஜெட்காமுக்குப் பிறகு ஃபேமிலிசர்ச்சே வடிவமைத்த ஜெட்காம் எக்ஸ் இப்படித்தான் இயங்குகிறது. அதில் பெற்றவர், தத்தெடுத்தவர், காப்பாளர், மாற்றாந்தாய் தந்தை, வாடகைத்தாய், ஊர் வழக்கப்படி பெற்றோராக இருப்பவர் என்று இணைப்புக்கு வகை போடலாம். வாரிசாக இன்னொரு வீட்டுக்குப் போனவர், வாரிசாக வந்தவர் என்றுகூடக் குறிக்கலாம். இலவச மென்பொருளான கிராம்ப்ஸ் நடுவழியில் நிற்கிறது. குடும்பப் பெட்டி அதிலும் உண்டு. ஆனால் அந்தப் பெட்டிக்குள் பிள்ளைக்கு அப்பாவோடு என்ன உறவு, அம்மாவோடு என்ன உறவு என்று தனித்தனியாகக் கொடுக்கலாம். உங்கள் வேலையில் பாதி அதிலேயே முடியும்.

ஒன்று மட்டும் எச்சரிக்கிறேன். உறவு வகைகளை நாற்பது ஐம்பதாகப் பெருக்குவதும் தீர்வில்லை. புதுமை என்று நினைத்து நீளமான பட்டியலைத் தொங்கவிடும் மென்பொருள்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் ஒரே குடும்பத்தை ஏற்றினால் இரண்டு விதமாக வரும். ஒரு பெற்றோரைப் பற்றி மூன்று கேள்விக்குப் பதில் இருந்தால் போதும். உடல்வழியில் இவர் பங்கு என்ன: கருமுட்டையா, விந்தா, சுமந்ததா? சட்டப்படி இவர் பெற்றோரா, எந்தத் தேதியிலிருந்து? வளர்த்தது இவரா? ஒரே ஆள் மூன்றுக்கும் ஆமாம் சொல்லலாம், ஒன்றுக்கு மட்டும் சொல்லலாம்.

ஏதோ இந்தக் காலத்தில் முளைத்த சிக்கல் இது என்பவர்களுக்கு நான் நீலகிரியைக் காட்டுவேன். டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், 1898இல் டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன கேம்பிரிட்ஜ் ஆய்வுக் குழுவில் இருந்தவர். ஊரில் ஒவ்வொருவரிடமும் பெற்றவர், கூடப்பிறந்தவர், பிள்ளைகள் என்று பெயர் பெயராகக் கேட்டு எழுதி, அந்த வம்சாவளிகளிலிருந்து ஊரின் சட்டதிட்டங்களைப் புரிந்துகொள்ளும் முறையை அங்கேதான் கண்டுபிடித்தார். சில வருடங்களில் அதே முறையோடு நீலகிரியின் பழங்குடியான தோடர்களிடம் வந்தார். 1906இல் வெளிவந்த அவருடைய நூலில் தோடர் குடும்பங்களின் வம்சாவளி அட்டவணைகளே கணிசமான பக்கங்கள்.

அன்றைய தோடர்களிடம் அண்ணன் தம்பிகள் ஒரே பெண்ணை மணப்பது வழக்கமாக இருந்தது. அப்படியானால் பிள்ளைக்கு அப்பா யார்? தோடர்களுக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. பெண் கருவுற்றிருக்கும்போது, ஏழாம் மாத வாக்கில், கணவர்களில் ஒருவர் அவளுக்கு வில்லும் அம்பும் கொடுக்கும் சடங்கு நடக்கும். கொடுத்தவர் அப்பா. அடுத்தடுத்துப் பிறக்கும் பிள்ளைகளுக்கும் அவர்தான் அப்பா, வேறொருவர் வில் கொடுக்கும் வரைக்கும். கொடுத்தவர் இறந்து வருடக்கணக்காகியிருந்தாலும், இடையில் யாரும் வில் கொடுக்காவிட்டால், பிறக்கும் பிள்ளை இறந்தவருடைய பிள்ளைதான் என்று ரிவர்ஸ் எழுதுகிறார்.

இதை இன்றைய மென்பொருளில் ஏற்றிப் பாருங்கள். கணவன் இடத்தில் ஒருவருக்கு மேல் போட முடியாது. ஒவ்வொரு சகோதரருக்கும் ஒரு குடும்பப் பதிவு போட்டால், ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்கள் மூன்று குடும்பமாகச் சிதறுவார்கள். தகப்பன் இறந்து பல வருடம் கழித்துப் பிள்ளை பிறந்ததாகத் தேதி கொடுத்தால் பிழை என்று எச்சரிக்கை வரும். இதில் வேடிக்கை, உறைய வைத்த விந்தைக் கொண்டு தகப்பன் இறந்த பிறகு கருத்தரிப்பது இன்று நடக்கிறது. அதற்கும் அதே எச்சரிக்கைதான் வருகிறது. ரிவர்ஸ் காகிதத்தில் எழுதியதைக் கணினி ஏற்க மறுப்பதற்குக் காரணம், அவர் ஊராரிடம் கேட்டு எழுதினார், மென்பொருள் தானே முடிவு செய்கிறது. தோடர் கணக்கில் ஒருவர் அப்பா ஆவது ஊர் அறிய, ஒரு நாளில், ஒரு சடங்கில் நடக்கும் நிகழ்ச்சி. அதைப் பதிய வேண்டிய இடம் நான் மேலே சொன்ன தனி இணைப்பு: வகை, தேதி, ஆதாரம்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம்.

தத்துப்பையன் விஷயத்தில் சட்டமே நல்ல வழிகாட்டி. 1956ஆம் வருட இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, தத்து நடந்த நாளிலிருந்து பிள்ளை எல்லா வகையிலும் தத்தெடுத்தவர்களின் பிள்ளை, பிறந்த வீட்டோடு உறவு அறுந்தது என்கிறது. அதோடு ஒரு விலக்கும் வைக்கிறது: பிறந்த வீட்டில் இருந்திருந்தால் யாரை மணக்கக் கூடாதோ அவரைத் தத்துப் போன பிறகும் மணக்கக் கூடாது. அறுந்தது என்று சொன்ன சட்டமே பிறந்த வழியை மறக்கவில்லை. ஆகவே இரண்டு இணைப்பும் வேண்டும். அக்காவோடும் மாமாவோடும் சட்டவழி, வளர்ப்புவழி. தேதி, தத்துப் பத்திரம் அல்லது உத்தரவு ஆதாரம். பிறந்த வழியில் யார் என்று தெரிந்தால் அவர்களோடு உடல்வழி இணைப்பு. நம் வீடுகளில் தம்பி பிள்ளையை அண்ணன் தத்தெடுப்பது சகஜம். அங்கே இரண்டில் ஒன்றை விட்டால் வம்சாவளியே தப்பாகிவிடும். பையன் அரசு அமைப்பு வழியாக வந்தவன் என்றால் பெற்றவர் விவரம் உங்களிடம் இருக்காது, இருக்கவும் வேண்டியதில்லை. 18 வயதுக்கு மேல் தன் வேரைத் தேட விதிகள் அவனுக்கு வழி வைத்திருக்கின்றன. அது அவன் உரிமை. வம்சாவளி எழுதுகிறவர் முந்திக்கொள்ளக் கூடாது.

சித்தப்பா வீட்டு விஷயம் பார்வைக்கு எளிது, கோப்பில்தான் சிக்கல். 5.5.1இல் 'பிறப்பு', 'தத்து' என்ற குறி பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் இடையில் நிற்கிறது. அந்தப் பெண் சித்திக்குப் பெற்ற மகள், சித்தப்பாவுக்கு மனைவியின் மகள் என்பதை ஒரே குறியால் சொல்ல முடியாது. சில மென்பொருள்கள் அப்பாவோடு உறவு, அம்மாவோடு உறவு என்று சொந்தமாக இரண்டு குறிகளைச் சேர்த்துச் சமாளிக்கின்றன. இன்னொரு மென்பொருள் அதைப் படிக்கும் என்று உத்தரவாதமில்லை. பாதுகாப்பான வழி இரண்டு குடும்பப் பதிவு போடுவது. சித்தியும் முதல் கணவரும் ஒன்று, அதில் மகள் பிறப்பு. சித்தியும் சித்தப்பாவும் ஒன்று, அதில் அதே மகள் இரண்டாவது முறை, குறிப்போடு. முதல் கணவர் பெயரைப் போடச் சித்திக்கு விருப்பமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

டொராண்டோ குழந்தைக்கு வருகிறேன். ஒன்டாரியோவில் 2017 ஜனவரி 1 முதல், கருத்தரிப்பதற்கு முன்பே எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டால் ஒரு குழந்தைக்கு நான்கு பேர் வரை சட்டப்படி பெற்றோராக இருக்கலாம். கோர்ட்டுக்குப் போக வேண்டியதே இல்லை. ஆக உங்கள் மருமகனுக்கு மூன்று பெற்றோர் என்பது அந்த மாகாணத்தின் சாதாரணப் பதிவு. சரியான மென்பொருளில் அவன் பக்கத்தில் மூன்று வரிகள் இருக்கும். சின்ன அக்கா: சட்டவழி, வளர்ப்பு, கருமுட்டை அவருடையது என்றால் அதுவும். அவருடைய இணையர்: சட்டவழி, வளர்ப்பு, சுமந்தவர் அவர் என்றால் அதுவும். நண்பர்: சட்டவழி, விந்து, வாரக்கடைசியில் மட்டும் வந்து பார்க்கிறாரா, கூட வளர்க்கிறாரா என்பது அவர்களைக் கேட்டு எழுத வேண்டியது. கருமுட்டை ஒருவருடையது, கருப்பை இன்னொருவருடையது என்பது இப்போது நடக்கிற காரியம். 'பெற்ற தாய்' என்று ஒற்றை இடம் வைத்திருக்கும் மென்பொருள் இருவரில் ஒருவரைப் பொய்யாக்கும். இருக்கிற கருவியில் செய்வதென்றால் இரண்டு பெண்களையும் குடும்பப் பதிவில் போட்டு, நண்பருக்கும் குழந்தைக்கும் தனியாக ஒரு குடும்பப் பதிவு வைத்து, காரணத்தைக் குறிப்பில் எழுதுங்கள்.

அத்தையின் மூத்த பிள்ளைக்குப் பெயர்தான் முதல் விஷயம். பெயர் என்பது ஆளோடு ஒட்டிய ஒரே வரியாக இருக்கக் கூடாது. தேதியும் பயன்பாடும் உள்ள பட்டியலாக இருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பின் மாறிய பெயர், சினிமாவுக்கு வைத்துக்கொண்ட பெயர் எல்லாம் அப்படித்தானே நிற்கின்றன? அரசிதழில் வந்த பெயர் முதன்மை, எல்லாத் திரையிலும் அச்சிலும் அதுதான் தெரிய வேண்டும். பழைய பெயர் பள்ளிச் சான்றிதழோடு பொருத்திப் பார்க்கத் தேவைப்பட்டால் உள்ளே, ஏற்றுமதியில் வெளிவராதபடி பூட்டிய குறிப்பாக இருக்கட்டும். அவர் வேண்டாம் என்றால் அதுவும் வேண்டாம். ஜெட்காம் 7.0இன் விளக்கப்படி, பால் என்ற இடம் உடற்கூற்றைப் பற்றியது, ஒருவர் தன்னை எப்படி உணர்கிறார் என்பதற்குத் தனி உண்மைக் குறிப்பு போடலாம். நடைமுறையில் பெரும்பாலான மென்பொருள்கள் அந்த முதல் இடத்தை வைத்துத்தான் நிறம் தீட்டுகின்றன, 'மகன்' 'மகள்' என்று அச்சடிக்கின்றன. எனவே அவர் சொல்வதையே அங்கே போடுங்கள்.

இன்னொன்றும் அவரிடம் கேளுங்கள். திருநங்கையர் ஜமாத்தில், அதாவது அவர்களுடைய சமூக அமைப்பில், குரு, சேலா (சீடர்), நானி (பாட்டி) என்று தலைமுறை தலைமுறையாக ஒரு வம்சாவளி உண்டு. ஒருவரை மகளாக ஏற்று, அந்த மகள் இன்னொருவரை ஏற்று வளரும் வழி. பெற்ற வீடு கைவிட்ட காலத்தில் பலருக்குச் சோறு போட்டது அந்த வீடுதான். விரும்பினால் அந்த அம்மாவின் பெயரும் அவர் பதிவில் பெற்றோர் இணைப்பாக வரட்டும், வகை வளர்ப்பு. திருமணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழி அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமே 2025 மே மாதத் தீர்ப்பு ஒன்றில் சொல்லிவிட்டது.

அடுத்து திருமணம். 'சட்டப்படியான திருமணமா, ஆம் இல்லை' என்று ஒரு டிக் பெட்டி சில மென்பொருளில் இருக்கிறது. எனக்கு அதைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். உங்கள் கொள்ளுத்தாத்தா தலைமுறையில் யாராவது சுயமரியாதைத் திருமணம் செய்திருக்கிறார்களா? புரோகிதரும் சடங்கும் இல்லாத அந்தத் திருமணங்கள் செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிய காலம் ஒன்று இருந்தது. 1967இல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தபோது, அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று ஆக்கினார்கள். 1940இல் மாலை மாற்றிக்கொண்ட தம்பதிக்கு அந்தப் பெட்டியில் என்ன டிக் போடுவீர்கள்? 1950இல் ஒரு பதில், 1970இல் வேறு பதில். அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை மாறவேயில்லை.

2018இல் தூத்துக்குடிக் கோயிலில் ஒரு ஆணும் திருநங்கையும் திருமணம் செய்துகொண்டார்கள். பதிவாளர் பதிய மறுத்தார். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இந்து திருமணச் சட்டம் சொல்லும் மணமகள் என்பதில் திருநங்கையும் அடக்கம், பதிந்துகொடு என்றது. ஒரே பாலினத் திருமணத்தை ஏற்க உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று மறுத்துவிட்டது. கனடாவில் அது 2005 முதல் நாடு முழுவதும் செல்லும். உங்கள் சின்ன அக்கா மணம் செய்திருந்தால் டொராண்டோவில் மணமானவர், சென்னையில் இறங்கியதும் அரசாங்கக் கண்ணில் இல்லை. ஆகவே நிகழ்ச்சியை எழுதுங்கள்: எந்த நாள், எந்த ஊர், என்ன முறை, யார் முன்னிலையில். சேர்ந்து வாழ ஆரம்பித்தது ஒரு நிகழ்ச்சி, பதிவு ஒரு நிகழ்ச்சி, பிரிந்தது ஒரு நிகழ்ச்சி, விவாகரத்துத் தீர்ப்பு இன்னொன்று. சட்டம் அதை எங்கே எப்போது ஏற்றது என்பது அதன்கீழ் வரும் தனிக் குறிப்பு.

வெற்றிடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு அதிகம் நடப்பது அங்கேதான். அப்பா இடம் காலியாக இருந்தால் அதற்கு மூன்று பொருள் இருக்கலாம். அப்பா யாரென்று தெரியவில்லை. தெரியும், சொல்ல விருப்பமில்லை. அப்பா என்று ஒருவர் இல்லவே இல்லை, அதாவது தனியாக ஒரு பெண் தானமாக வந்த விந்தின் மூலம் பெற்ற பிள்ளை. மென்பொருள் மூன்றையும் 'தகவல் இல்லை' என்று ஒரே சாம்பல் கட்டமாகக் காட்டி, 'தந்தையைச் சேர்க்கவும்' என்று பொத்தானும் வைக்கும். அந்தப் பிள்ளை வளர்ந்து தன் மரத்தைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பொத்தான் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். தானம் கொடுத்தவரை அடையாளம் இல்லாமல் 'கொடையாளர்' என்று பதியவும் வழி வேண்டும். பிரிட்டனில் 2005 ஏப்ரல் 1க்குப் பிறகு கொடுத்தவர்களின் அடையாளத்தைப் பிள்ளை 18 வயதில் கேட்டுப் பெறலாம். இந்தியாவில் 2021ஆம் வருடச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் கொடையாளரின் பெயரை மறைத்தே வைக்கிறது. இன்று பெயரில்லாத பதிவுக்கு நாளை பெயர் வரலாம், அப்போது மரத்தைப் பிரித்து மறுபடி கட்டும்படி இருக்கக் கூடாது.

தாத்தாவுக்கு முந்திய தலைமுறைகள் மளமளவென்று ஏறிவிட்டன என்றீர்களே, அதை ஒருமுறை சந்தேகத்தோடு பாருங்கள். சொன்னவர்கள் ஏற்கெனவே சீர்செய்து சொல்லியிருப்பார்கள். சென்னை மாகாணத்தில் இந்துக்களின் இருதார மணத்தைத் தடுக்கும் சட்டம் 1949இல்தான் வந்தது. அதற்கு முன் மூத்த தாரம், இளைய தாரம் என்று ஒரே வீட்டில் இருந்தவர்களில் பிள்ளையில்லாதவர் பெயர் வம்சாவளியில் காணாமல் போயிருக்கும். அக்கா மகளைக் கட்டியவர் இருந்தால் அவருடைய பிள்ளைகளுக்கு அப்பாவைப் பெற்றவர்களே அம்மாவின் அம்மாவையும் பெற்றவர்கள். மரம் வலையாகிவிடும். சில மென்பொருள்கள் அப்போது ஒரே ஆளை இரண்டு ஆளாகப் பிரித்துவிடும். மட்டக்களப்புப் பக்கம் சம்பந்தம் இருந்தால் அங்கே 'குடி' என்ற குலப்பிரிவு தாய்வழியில் வருவது. தகப்பன் பெயர் வழியாகவே இறங்கும் படத்தில் அது தெரியாது.

மண்டபத்து சார்ட்டுக்கு: முழுத் தகவலும் சார்ட்டில் வர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கோப்பில் எல்லாம் இருக்கட்டும், சார்ட்டில் பெயரும் கோடும் போதும். தத்துப்பிள்ளைக்குப் புள்ளிக்கோடு போடும் வழக்கத்தை அணைத்துவிடுங்கள். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கும் பையன் தலைக்கு மேல் ஃப்ளெக்ஸில் புள்ளிக்கோடு தொங்க வேண்டாம். உயிரோடிருக்கும் ஒவ்வொருவரிடமும் தங்கள் பெயர் எப்படி வர வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். 'அத்தை மகள்', 'பெரியம்மா' போன்ற முறைகளை மென்பொருள் கணக்குப் போட்டுத் தந்தால் நம்பாதீர்கள். அதற்குத் தெரிந்தது 'கசின்' ஒன்றுதான். வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அதைக் கையால் எழுதுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப் மட்டும் போடுங்கள், மூலக் கோப்பைப் போடாதீர்கள். அந்தரங்கம் என்று நீங்கள் பூட்டிய குறிப்புகளை ஏற்றுமதியில் அப்படியே கொட்டிவிடும் மென்பொருள்கள் இருக்கின்றன. உயிரோடிருப்பவர்களை விட்டுவிட்டு ஏற்றுமதி செய் என்ற வசதி இருந்தால் வெளியே கொடுக்கும்போதெல்லாம் அதை அழுத்துங்கள்.

கடைசியாக, இப்போது வைத்திருக்கும் மென்பொருளிலேயே தொடரலாமா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை. கற்பனைப் பெயர்களோடு சின்னக் கோப்பு ஒன்று செய்யுங்கள்: தத்தும் பெற்ற வழியும் உள்ள ஒரு பிள்ளை, மாற்றாந்தந்தை உள்ள ஒரு பிள்ளை, இரண்டு அம்மாவோடு மூன்று பெற்றோர் உள்ள ஒரு பிள்ளை, பெயர் மாறிய ஒருவர், அக்கா மகளைக் கட்டிய ஒருவர். ஜெட்காமாக ஏற்றுமதி செய்து, வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். மூன்றாவது பெற்றோர் காணாமல் போயிருந்தால் குறிப்பில் எழுதிச் சமாளிக்கலாம். பழைய பெயர் முன்னால் வந்து நின்றால் பெயர் வரிசையை மாற்றிப் பார்க்கலாம். இரண்டு அம்மாக்களில் ஒருவர் தானாக ஆணாக மாறியிருந்தால் அந்த மென்பொருளை நீக்கிவிட்டு கிராம்ப்ஸை இறக்கிக்கொள்ளுங்கள்.